ஆற்றுக்குப் போகும் நம் பிள்ளைகள்



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் என்னைக் காண வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மூத்த மகன் அலுவலக நண்பர்களோடு ரிஷிகேசத்துக்குச் செல்கிறானாம். அங்கே கங்கை மலையிடுக்கில் நுரை பொங்கப் பாயும் இடத்தில், ரப்பர் படகிலேறிப் பாறைகளுக்கிடையே இறங்கி வருவது ஒரு விளையாட்டு. 'ராஃப்டிங்' என்று அதற்குப் பெயர். "சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான், போகாதே என்று சொல்லுங்கள்" என்று அந்தத் தாய் கண்கலங்கினார். பக்கத்தில் இளைய மகன் நின்றுகொண்டிருந்தான். இவன் விடுமுறையில் எங்கே போகிறான் என்று கேட்டேன். "இவன் எங்கே போகப் போகிறான் சாமி, பாடகர் குழுப் பையன்களோடு பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறான், அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' என்னும் சொல்லைப் பற்றியே இம்மாதம் எழுத விரும்புகிறேன். மூத்தவனைக் குறித்து அஞ்சிய அந்தத் தாய், இளையவனைக் குறித்து அஞ்சவில்லை. நான் அஞ்சியதோ இளையவனைக் குறித்துத்தான். ரிஷிகேசத்துக்குப் போகிறவன் தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, ஆற்றை அறிந்த ஒருவனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நீரில் இறங்குகிறான். பாபநாசத்துக்குப் போகிறவன் ஒரு துண்டோடு இறங்குகிறான். ஓடும் நீருக்கு இவ்விருவரிடையே வேற்றுமை தெரியாது; பாறையும் சுழியும் இரண்டு ஆறுகளிலும் உண்டு.

ராஃப்டிங் என்பது என்னவென்று விசாரித்து அறிந்தேன். அதனை முறையாக நடத்துவோர் ஆற்றின் கடுமையை 1 முதல் 6 வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1 என்பது சிற்றலை. 6 என்பது தேர்ந்தவனும் தொடக்கூடாத நீர். ஆடிப்பாட வந்தவர்களை அவர்கள் எல்லா இடத்திலும் இறக்குவதில்லை. மழைக்காலத்தில் கங்கை பெருகும்போது ரிஷிகேசத்தில் இவ்விளையாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். படகேறுமுன் ஒவ்வொருவருடைய மிதவைச் சட்டையையும் இழுத்துப் பார்த்து, கொக்கி பூண்டிருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பின்பு, படகு கவிழும் என்றே வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். விழுந்தவன் மல்லாந்து மிதக்க வேண்டும். கால்கள் நீர் ஓடும் திசை நோக்கி முன்னே நீண்டு, விரல்கள் நீருக்கு மேலே தெரிய வேண்டும். வரும் பாறையைக் காலால் உதைத்து விலக வேண்டும். எக்காரணம் கொண்டும் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக்கூடாது. கயிறு வீசப்பட்டால் அதை மார்போடு பிடித்துக்கொள்ள வேண்டும், கையில் சுற்றிக்கொள்ளலாகாது. இவ்வளவும் கரையிலேயே.

அத்தனை இருந்தும் அங்கும் விபத்துகள் நேர்கின்றன. ஆகையால் பிள்ளைகள் அத்தகைய இடங்களுக்குப் போகும்போது, அரசு உரிமம் உண்டா, சட்டை உடலுக்குப் பொருந்துகிறதா, துணைக்கு மற்றொரு படகு வருகிறதா, இதயநோயும் வலிப்பும் உடையவர்களைக் கேட்டறிந்து விலக்குகிறார்களா என்றெல்லாம் விசாரித்துப் போகச் சொல்லுங்கள். முதல் நாள் மலையில் பெருமழை பெய்திருந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பிவிடச் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கும் இதையே சொன்னேன்.

புனித பவுல் உரோமைக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட வரலாற்றைத் திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். பயணத்துக்கேற்ற பருவம் கடந்துவிட்டது, இனிப் போனால் சேதம் வரும் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பல் ஓட்டியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். புறப்பட்ட அன்று தென்றல் மெல்ல வீசியது. எல்லோரும் தாங்கள் எண்ணியது சரி என்றே மகிழ்ந்தார்கள். அதன்பின் வந்த புயலில் பதினான்கு நாள் அலைக்கழிந்து, மால்த்தா தீவின் கரையருகே கப்பல் உடைந்தது. ஆனால் கப்பலிலிருந்த 276 பேரும் பிழைத்தார்கள். எப்படி? வானதூதர் வந்து தூக்கிக் கரையில் வைக்கவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்துக் கரை சேரவும், தெரியாதவர்கள் பலகைகளையும் கப்பலின் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டு வரவும் கட்டளை பிறந்தது. ஒருவரும் அழியமாட்டார்கள் என்று இறைவன் பவுலுக்கு வாக்களித்திருந்தார். அந்த வாக்கு மரப்பலகைகளின் வழியாகவே நிறைவேறியது. மிதவைச் சட்டை அணிவது விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் அந்தப் பலகைகளை நினைத்துப் பார்க்கட்டும்.

நிற்க. நம் ஆற்றுக்கு வருவோம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. புன்னைக்காயல் முத்துக்குளித்துறையின் பழமையான கத்தோலிக்க ஊர்களுள் ஒன்று என்பதை நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி திருநெல்வேலிச் சீமைக்குச் சோறிடும் ஆறு இது. நம் மூதாதையர் இதன் படித்துறைகளிலேயே வளர்ந்தார்கள். பழகிய ஆறு என்பதாலேயே இதனிடம் நமக்கு அச்சம் இல்லாமற் போயிற்று. ஆனால் சமவெளியில் வயலுக்கிடையே அமைதியாக நடக்கும் அதே ஆறு, மலையடிவாரத்தில் வேறோர் ஆறு. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு என்று பல கிளைகள் செங்குத்தான சரிவில் பாறைகளின்மேல் விழுந்து புரண்டு வருகின்றன. ரிஷிகேசத்தார் எதைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்களோ, அதுவே பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கவசமும் வழிகாட்டியும் மட்டும் இல்லை.

"எனக்கு நீந்தத் தெரியும்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். எங்கே கற்றாய் என்று கேட்டால், ஊர்க் கிணற்றில் என்றோ குளத்தில் என்றோ பதில் வரும். நிற்கும் நீரில் கற்ற கலை ஓடும் நீரில் பாதிதான் உதவும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அது ஓடிவந்து மோதும்போது, வேகம் இருமடங்கானால் மோதும் விசை நான்கு மடங்காகிறது. முழங்காலளவு நீர்தானே என்று நினைத்து நிற்கிறவனை, வேகம் சற்றுக் கூடினாலே தள்ளிவிடும். பாசி படிந்த பாறையாயின் கேட்கவே வேண்டாம்.

அருவியின் கீழும் பாறைச் சரிவின் கீழும் நீர் வெண்மையாகப் பொங்குகிறதே, அது அழகாகத்தான் இருக்கிறது. அந்த வெண்மை என்பது நீரோடு கலந்த காற்று. காற்றுக் கலந்த நீர் மனித உடலைத் தாங்காது. தேர்ந்த நீச்சல்காரனும் அதில் கல்லைப்போல் அமிழ்வான். அடித்துத் துழாவினாலும் கைக்குப் பிடிமானம் கிட்டாது.

இன்னொரு ஆபத்தைப் பலரும் அறியார். மலையாற்றின் அடியில் மணல் இல்லை. பாறையும் பாறையிடுக்குமே உண்டு. நீர் இழுத்துச் செல்லும்போது மனிதன் இயல்பாகவே காலை ஊன்றி நிற்க முயல்வான். கால் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து நீர் தள்ளத் தள்ள உடல் முன்னே சாய்ந்து, தலை நீருக்குள் போய்விடும். இடுப்பளவு நீரில், கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், நீந்தத் தெரிந்தவன் இவ்வாறு மாள்வதுண்டு. கால்களை உயர்த்தி மல்லாந்து மித என்று ராஃப்டிங்கில் முதற்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். இந்த ஒரு பாடத்தையாவது உங்கள் பிள்ளைகளுக்கு இன்றிரவே செபமாலை முடிந்தபின் சொல்லிக்கொடுங்கள். தரையில் படுக்க வைத்துச் செய்து காட்டினாலும் தவறில்லை.

அணைக்கட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. நீர் அதன்மேல் வழிந்தோடும் நாள்களில் சிறுவர் அங்கே வழுக்கி விளையாடுவதைக் காண்கிறோம். நீர் மிகுந்துவிட்டால் அங்கே நிகழ்வது வேறு. மேலிருந்து விழும் நீர் அடியில் மோதி எழும்போது, அதில் ஒரு பகுதி முன்னோக்கிப் போகாமல் மீண்டும் அணைக்கட்டை நோக்கியே திரும்பி வருகிறது. அதில் அகப்பட்டவனை அது சுவரை நோக்கி இழுக்கும்; விழும் நீர் அவனை அடியில் அமிழ்த்தும்; சற்றே மேலெழுப்பி மீண்டும் இழுக்கும். அவன் எவ்வளவு வலிமையாக நீந்தினாலும் இருந்த இடத்திலேயே சுழல்வான். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சிறிய திரையருவியாகவே தோன்றும். எனவே நீர் வழியும் அணைக்கட்டின்மேல் நடப்பதும் அதன் அடிவாரத்தில் குளிப்பதும் கூடவே கூடாது.

நீர் திடீரென உயர்வதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் மிகக் கவனமான குடும்பங்களும் ஏமாறும் இடம் இது. பாபநாசத்துக்கு மேலே அணைகளும் மின்நிலையமும் இருக்கின்றன. காலையில் பாறை தெரியக் கிடந்த ஆறு, மேலே நீரைத் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் பாறையை மூடிவிடும். மகாராஷ்டிரத்தில் கோலாட் என்னும் ஊரில் குண்டலிகா ஆறு இருக்கிறது. அங்கே அணையிலிருந்து நாள்தோறும் காலையில் நீர் திறந்துவிடும் நேரத்தைக் கணக்கிட்டே படகுகளை இறக்குகிறார்கள். அங்கே அந்த நேரம்தான் தொழில். இங்கோ திறக்கும் நேரத்தை விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆற்றங்கரையில் கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும் சொல்வார். அணைப் பணியாளரைக் கேட்டாலும் சொல்வார். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால், சோப்பு நுரையோடு இருந்தாலும் கரையேற வேண்டும்.

அணையே இல்லாத இடத்திலும் வெள்ளம் வரும். தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாற்றின் மேற்பகுதியில்தான் குற்றால அருவிகள் இருக்கின்றன. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, மலைமேல் பெய்த மழையால் திடீர் வெள்ளம் பாய்ந்து வந்தது. பதினேழே வயதான ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். கோடை விடுமுறை, சாரல் பருவம்கூட இன்னும் தொடங்கவில்லை. அருவியின் கீழே நிற்கிறவனுக்கு மலையுச்சியில் பெய்யும் மழை தெரியாது. அவன் தலைக்குமேல் வெயில்கூடக் காயலாம். ஆனால் ஆறு சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும், சற்றுமுன் உட்கார்ந்திருந்த கல் நனைந்திருக்கும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொருளை எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காவலர் குளிக்கத் தடை விதித்தால், தொலைவிலிருந்து வந்தோமே என்று கெஞ்சுகிறவர்களும், காட்டுப் பாதையில் சுற்றிப்போய் இறங்குகிறவர்களும் நம்மவரிலும் உண்டு. அந்தக் காவலர் அவர்களுடைய பிள்ளைகளின் உயிருக்காகத்தான் அங்கே நனைந்துகொண்டு நிற்கிறார்.

1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் இந்த ஆறு என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் உங்களிடையே இருக்கிறீர்கள். 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் இரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஒருவரும் குளிக்கப் போவதில்லை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். எனக்குக் கவலை தருவது வெயிலடிக்கும் விடுமுறை நாள்.

சமவெளியில் பாறையில்லை என்று அமைதி கொள்வதற்கும் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கிடக்கின்றன. தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்துத் தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்தது நினைவிருக்கும். ஆனால் தோண்டிய குழி தீர்ப்பினால் தூர்ந்துவிடுவதில்லை. கணுக்காலளவு நீரில் நடக்கும் குழந்தையின் அடுத்த அடி இரண்டாள் ஆழமாக இருக்கலாம். 'கசம்' என்று நம் ஊரார் சொல்லும் ஆழ்மடுக்களைப் பெரியவர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். அந்த அறிவும் இப்போது வீட்டுக்குழாயோடு போய்விட்டது.

படகுப் பயணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 45 பேர். பழவேற்காட்டில் 2011-இல், கிறிஸ்து பிறப்பு நாளன்றே, 22 பேர். 2015-இல் ஒகேனக்கலில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தார் பலர். 2017 பிப்ரவரியில் நம் மணப்பாட்டுக் கடலில், சுற்றுலா வந்தோரை ஏற்றிச்சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து பலர். கேரளத்துத் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர். இந்நாள்களில் பெரும்பாலானவை விடுமுறை நாள்களே என்பதைப் பாருங்கள். மிதவைச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். தந்தால் மடியில் வைத்துக்கொண்டு உட்காராமல் அணிந்துகொள்ளுங்கள். யானை தெரிகிறது, மீன் துள்ளுகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள்.

இனி நான் எழுதத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். குருவாக இத்தனை ஆண்டுகளில் நீரில் மாண்ட பிள்ளைகளை நான் அடக்கம் செய்திருக்கிறேன். ஒருமுறை ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. தம்பி வழுக்கி விழுந்தான். அண்ணன் அடுத்த கணமே குதித்தான். தம்பிக்கு நீந்தத் தெரியாது, அண்ணனுக்குத் தெரியும். நீரில் தத்தளிப்பவன் தன்னைத் தொடுகிற எதையும் பிடித்து அமுக்கி அதன்மேல் ஏறவே முயல்வான்; அண்ணன் என்று அறிந்து விடமாட்டான். அந்த அண்ணனின் அன்பைக் குறை சொல்ல எனக்கு நாவு எழாது. நண்பருக்காக உயிரைத் தருவதை நம் ஆண்டவரே அன்பின் உச்சமாகப் போற்றினார் அல்லவா? ஆயினும் அந்த அடக்கத்தின்போது அந்தத் தந்தையின் முகத்தைப் பார்த்த நாள் முதல், கரையில் ஒரு கயிறு கிடந்திருந்தால் ஒரு பெட்டியும் வந்திருக்க வேண்டாமே என்ற எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. இரண்டு, மூன்று, நான்கு பேர் என்று ஒரே இடத்தில் மாண்டதாகச் செய்தித்தாளில் வாசிக்கும்போதெல்லாம், அவர்களுள் முதலில் விழுந்தவர் பெரும்பாலும் ஒருவரே, ஏனையோர் காப்பாற்றப் போனவர்கள் என்பதை உணருங்கள்.

ஆகவே குதிக்காதீர்கள், எதையாவது நீட்டுங்கள், அல்லது வீசுங்கள். கம்பு, மூங்கில், மரக்கிளை எதுவாயினும் கரையில் படுத்துக்கொண்டு நீட்டலாம். நின்றுகொண்டு நீட்டினால் அவன் உங்களையும் இழுத்துவிடுவான். எட்டாவிட்டால் கயிற்றை வீசுங்கள். மூடியிட்ட வெற்றுத் தண்ணீர்க் கேன் ஒருவனை மிதக்க வைக்கும். அதில் கயிற்றைக் கட்டி வீசினால் இன்னும் நல்லது. ஒன்றுமில்லையா? பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 2020 ஆகஸ்டில் நான்கு இளைஞர்கள் நீரில் மூழ்கியபோது, துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் தாங்கள் உடுத்திருந்த சேலைகளையே அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்தார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. நாணத்தைக் காட்டிலும் உயிரே பெரிதென்று ஒரு நொடியில் தேர்ந்த அம்மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. எந்த மறையுரையிலும் சொல்லத் தகுந்த செயல் அது.

பயணம் புறப்படுமுன் வேனை மந்திரித்துத் தரும்படி கேட்கிறீர்கள். மகிழ்ச்சியோடு செய்கிறேன். ஆனால் தீர்த்தம் தெளித்தாயிற்று என்பதற்காக ஆபத்தை நாமே தேடிப்போவது, கோவில் உச்சியிலிருந்து குதித்துப் பார் என்று ஆண்டவரிடம் சோதிக்கிறவன் சொன்னதற்கு ஒப்பாகும். ஆண்டவர் அதற்கு இணங்கவில்லை. வேனின் முகப்பில் புனித கிறிஸ்டோபரின் படத்தை ஒட்டியிருக்கிறீர்களே, குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடப்பவர், அவர் கையில் நீண்ட கோலொன்று இருப்பதைக் கவனித்தீர்களா? ஆற்றைக் கடக்க இன்றும் அதுவே முறை: நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை மூன்றாம் காலாக ஊன்றி, ஆழம் பார்த்து, ஒவ்வோர் அடியாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். மரபுக் கதையின் புனிதரே ஆழம் அறியாமல் காலை வைக்கவில்லை.

மதுவைப் பற்றியும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆற்றங்கரையில் குடிப்பது இன்பச் சுற்றுலாவின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. குடித்தவனுக்குக் குளிரும் ஆழமும் தூரமும் தெரியா. மூச்சை அடக்கும் ஆற்றலும் குறையும். திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில், குடிவெறியாலோ வேக மோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவது கனமான குற்றமெனப் போதிக்கிறது. ஐந்தாம் கட்டளை என்றால் கத்தியெடுத்துக் குத்துவது மட்டுமே என்று நினைப்பவர்கள் பாவசங்கீர்த்தனத்துக்குமுன் அதனையும் வாசித்துப் பார்க்கலாம்.

பெண் பிள்ளைகளின் நீச்சலைக் குறித்தும் ஒரு சொல். ஆற்றங்கரை ஊர்களில் நம் பாட்டிமார் சேலையோடு ஆற்றைக் குறுக்கே நீந்தினார்கள். அவர்கள் பேத்திகளுக்குக் கணிப்பொறி தெரியும், நீச்சல் தெரியாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். அவர்களுள் குழந்தைகளும் இளையோரும் மிகப் பலர். ஐக்கிய நாடுகள் அவை அவ்வாண்டிலிருந்து ஜூலை 25-ஐ இதற்கான விழிப்புணர்வு நாளாக்கியிருக்கிறது. பாளையில் இருப்பவர்களுக்கு அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் நல்ல கிணற்றில், இடுப்பில் கயிறு கட்டி, பெரியவர் ஒருவர் முன்னிலையில் கற்பியுங்கள். ஓடும் நீருக்கு அது முழுக் காப்பு ஆகாது என்று மேலே எழுதினேன். ஆனால் விழுந்தவுடன் பதறாமல் மிதப்பதற்கு அதுவே முதற்படி.

நீரிலிருந்து எடுத்த ஒருவர் மூச்சின்றிக் கிடந்தால், அவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம்மிடையே வழக்கம். அதில் வீணாகும் நேரத்தில் உயிர் போய்விடும். ஒருவர் உடனே 108-ஐ அழைக்கட்டும். மற்றொருவர் அவரை மல்லாத்திப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் பொருத்தி, மார்பு எழும்படி முதலில் சில முறை மூச்சை ஊத வேண்டும். அசைவில்லையெனில், மார்பின் நடுவே இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற விரைவில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, மருத்துவ உதவி வரும்வரை விடாது தொடர வேண்டும். இதனை நேரில் செய்து பழகாமல் தாளில் படித்து மட்டும் கற்க இயலாது. நம் மறைமாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரியும் அருட்சகோதரிகளை அழைத்து அன்பியக் கூட்டங்களில் செய்து காட்டச் சொல்லுங்கள். மீண்டு எழுந்தவர் நன்றாகத்தான் பேசுகிறார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைக் கெடுக்கலாம். அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

நம் பங்கிலிருந்து இளையோர், பாடகர் குழுவினர், மறைக்கல்வி மாணவர் என எவர் ஆற்றுக்கோ அருவிக்கோ போவதாயினும், இம்மாதம் முதல் சில ஒழுங்குகளைக் கேட்கிறேன். புறப்படுமுன் பெயர்ப் பட்டியல் எழுதி, நீந்தத் தெரியாதவர் பெயருக்கு எதிரே குறியிட்டு, ஒரு படியைப் பங்கு இல்லத்தில் கொடுத்துப் போக வேண்டும். பதின்மருக்கு ஒருவர் வீதம், அன்று குளிக்கவே போவதில்லை என்று ஒப்புக்கொண்ட பெரியவர் கரையில் அமர்ந்திருக்க வேண்டும். அவர் கையில் சீட்டுக்கட்டோ தொலைபேசியோ இருக்கலாகாது. அவர் ஏறு என்றால் எல்லோரும் ஏற வேண்டும். அரைமணிக்கொருமுறை தலை எண்ண வேண்டும். பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்வதும், ஆற்று நடுவே நின்று படம் எடுப்பதும் கிடையாது. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் எவரும் நீரில் இருக்கலாகாது.

நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு 20 மீட்டர் அளவில் இரண்டு சுருளும், மூடியுள்ள கேன் நான்கும் வாங்கி, கோவில் பொருளறையில் வைத்திருக்கிறோம். போகும் நாளுக்கு முன்தினம் உபதேசியாரிடம் கையெழுத்திட்டு வாங்கிச் செல்லுங்கள். கோவில் வெளியில் ஒரு முறையேனும் வீசிப் பழகிக்கொள்ளுங்கள். வெயிலில் கிடந்தால் அதன் இழை நைந்துவிடும். ஆகையால் திரும்பியதும் நிழலில் உலர்த்தி, முடிச்சு விழாமல் சுருட்டி ஒப்படைத்துவிடுங்கள்.